இருபத்தொன்பது கிராம்

ஐந்துலாம்புச் சந்தியில் ஆறு வாங்கினேன்,
முட்டை விலை ஏறிய கோபத்தில்.
பால்மாப் பெட்டி, பழைய பேப்பர், நாற்பது வாட் பல்ப்.
எனக்குத் தெரிந்த கோழி வளர்ப்பு அவ்வளவுதான்.

ஐந்து, தங்கள் கால்விரலையே
புழுவென்று கொத்தித் திரிந்தன.
ஆறாவது மட்டும்
பல்புக்கு நேர் கீழே
கண்ணை மூடிக்கொண்டு நின்றது.
நின்றபடியே சரிந்தது.
சரிந்ததன்மேல் மற்றவை ஏறிப் போயின,
மட்டக்குளி பஸ்ஸில் நாங்கள் ஏறுகிற மாதிரி.

கேக் அடிக்கிற தராசில் வைத்து நிறுத்தேன்.
சீனிக் கிண்ணத்துக்குள் ஒரு கீச்சு.
முப்பத்துநாலு.
மறுநாள் காலை இருபத்தொன்பது.
கப்பல் கம்பனியில் நான் நிறை எழுதுகிறவள்,
கொள்கலன் ஒன்றுக்கு இருபத்தாறு தொன்.
தொலைந்த ஐந்து கிராமுக்கு
யாருக்குக் கடிதம் போடுவது?

வேலை முடிந்து வந்துதான்
திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் எச்சம் காய்ந்து
சீமெந்தாய் அடைத்திருந்தது.
பிய்த்தெடுக்கப் போன நகத்தின் கீழ்
தோலும் சேர்ந்து இழுபட,
கீச்சு என்றது.
விரலை எடுத்துக்கொண்டேன்.

இளஞ்சூட்டு நீரில் பஞ்சை நனைத்து
ஒற்றி,
பொறுத்து,
மறுபடி ஒற்றி,
ஒரு மணித்தியாலம்.
தங்கையின் பிள்ளைகளைக் கழுவிவிடச் சொன்ன போதெல்லாம்
வேலை இருக்கென்று நழுவியவள்தான் நான்.
கட்டி கரைந்து விழுந்தது.
பின்னாலேயே
ஒரு துளி கறுப்பு, நுனியில் வெள்ளை.
நடுச்சாமத்தில் குசினியில் தனியே நின்று
கோழி எச்சத்துக்குக் கைதட்டினேன்.

விடிந்ததும் ஹில்மியின் பாமசி.
"நோயாளிக்கு என்ன வயசு?"
"நாலு நாள்."
பேனை நின்றது.
"நிறை?"
"இருபத்தொன்பது கிராம்."
மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
பிறகு, சிரிக்காமலே,
ஜீவனி பக்கற் ஒன்று, சொட்டுக்குழாய் ஒன்று.
"சொண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்க,
தானாகக் குடிக்கும்.
உள்ளே ஊற்றினால் மூச்சில் போயிரும்.
மகன்ட புறாவுக்கும் இதைத்தான் குடுத்தேன்."
"புறா சுகமா?"
அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒரு சொட்டு. தலையை உதறியது.
ஒரு சொட்டு. என் சட்டையில்.
ஒரு சொட்டு. தொண்டை அசைந்தது.

அன்றிரவு கரண்ட் போனது.
பெட்டிக்குள் ஆறு குரலும் ஒன்றாய் ஏறிற்று.
றொட்னி விட்டுப்போனவற்றைத் தடவித் தேடினேன்:
வெறும் சாராயப் போத்தல், ஒற்றைக் காலுறை.
வெந்நீர் நிரப்பி, காலுறை மாட்டி, நடுவில் கிடத்தினேன்.
அந்த மனுசனால் இந்த வீட்டுக்குக் கிடைத்த
முதல் சூடு என்று நினைக்கச் சிரிப்பு வந்தது.
ஐந்தும் அதில் ஒட்டிக்கொண்டன.
ஆறாவதை என் கழுத்துக் குழியில் வைத்து
சுவரில் சாய்ந்திருந்தேன்.
அதன் இதயத்தை எண்ணப் பார்த்தேன்,
முடியவில்லை, தையல் மெசின் ஓடுகிற வேகம்.
செத்துப்போனால் எங்கே புதைப்பது?
மூன்றாம் மாடியில் மண் ஏது,
கற்றாழைச் சாடியைத் தவிர.
சாடியின் அளவைக்கூட யோசித்துவிட்டேன்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.
கழுத்தடியில் இருந்து
அதற்கு ஒரு பதில் போனது.
மெல்லியதுதான்.
ஆனால் கோபமாக.

பேப்பரில் கால் வழுக்கியதால்
துவாய் விரித்தேன்.
முப்பது. முப்பது.
முப்பத்தொன்றரை.
வியாழக்கிழமை முப்பத்துநாலு:
இத்தனை பாடும் பட்டு
வாங்கின நிறைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

மற்றவற்றோடு திரும்ப விட்டேன்.
ஒன்று வந்து உச்சியில் கொத்தியது.
கையை உள்ளே நீட்டினேன்,
அதற்குள் இது திருப்பிக் கொத்தியது.
கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தால்
ஆறும் ஒரே மஞ்சள்.
எதுவென்று தெரியவில்லை.

தராசை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.
சனிக்கிழமைக்கு பட்டர் கேக் கேட்டிருக்கிறாள் ஜெசிந்தா.
அவளிடம் சொல்வதா,
வேண்டாமா?